வெறும் பாரில் தொடங்குங்கள்: பெங்களூரில் முதல்முறை ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு

எடை தூக்கப் பழக மூன்று சாமான் போதும். நீளமான ஒரு இரும்பு பார், அதில் மாட்டப் பிளேட், அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் இரண்டும் ஏறக்குறைய எல்லா ஜிம்மிலும் இருக்கிறது. நோட்டைத்தான் யாரும் கொண்டுவருவதில்லை. அதனாலேயே பலபேர் ஆறு மாசம் கழித்தும் முதல் வாரம் எடுத்த அதே டம்பெல்லை எடுத்து, அதே பத்து தடவை தூக்கிவிட்டு, உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள். போன தடவை எவ்வளவு தூக்கினோம், இன்று எவ்வளவு, அடுத்த தடவை எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த நோட்டைச் சுற்றித்தான்.

வேலைக்காக இங்கே வந்து பிஜியிலோ வாடகை வீட்டிலோ இருக்கிற, இதுவரை பளுவே தூக்காத நம்ம ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் முறை ஒன்றுதான். நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடலிறக்கம், டிஸ்க், இதயத் தொந்தரவு இருக்கிறவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கனமான எடையை மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். நல்ல உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும், ஏற்கெனவே அழுத்தம் கூடியிருக்கிற உடம்பை அப்படிச் சோதிக்கக் கூடாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒலிம்பிக்கில் பார்க்கிற பளுதூக்குதல் ஒரு தனி விளையாட்டு. ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று அதில் இரண்டே தூக்குதான், இரண்டும் தரையில் இருந்து தலைக்கு மேலே போகிறவை. கர்ணம் மல்லேஸ்வரி 2000-இல் சிட்னியில் ஸ்னாட்ச்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியது அதில்தான். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியதும் அதில்தான். அதை வீடியோ பார்த்துப் பழக முடியாது, பக்கத்தில் கோச் நிற்கவேண்டும். ஜிம்மில் நாம் செய்யப்போவது அதைவிட எளிமையான, மெதுவான தூக்குகள். ஆனால் அந்த வீரர்களும் வாரத்துக்குப் பலமுறை ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதை, செய்கிறவர்கள்தான், அடித்தளம் எல்லாருக்கும் ஒன்று.

தென் மாவட்டத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். உருண்டைக் கல், அதைத் தோளுக்கு மேலே ஏற்றியவனுக்குத்தான் பெண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கல்லில் உள்ள சிக்கல், அதன் எடை மாறாது. தூக்க முடிந்தால் தூக்கலாம், முடியாதவனுக்குப் படி ஏதும் கிடையாது. பாரில் அந்தப் படி இருக்கிறது. இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் ஒவ்வொன்று மாட்டினால் போன தடவையைவிட 2.5 கிலோ கூடுதல், உடம்பு அதைப் பெரிதாக உணர்வதுகூட இல்லை. ஜிம்மில் யாரும் தொடாமல் மூலையில் கிடக்கிற அந்தக் குட்டி பிளேட்கள்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ரொம்ப முக்கியமானவை.

ஜிம்மைப் பிடிப்பது

பெங்களூரில் ஜிம்மைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்க்கவேண்டியது தூரம். நடந்தே போய்வர முடியவேண்டும். டிராஃபிக் நெரிகிற சில்க் போர்டையோ மாரத்தஹள்ளி பாலத்தையோ தாண்டவேண்டிய ஜிம் எவ்வளவு நல்ல ஜிம்மாக இருந்தாலும் மழை பெய்கிற முதல் மாலையோடு அது முடிந்துவிடும்.

அடுத்தது ரேக். நெஞ்சு உயரத்தில் பாரைத் தாங்குகிற கொக்கிகளும், கீழே இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பிகளும் உள்ள இரும்புச் சட்டம் அது. எடை தாங்காமல் நீங்கள் கீழே போய்விட்டாலும் பார் அந்தக் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும், உங்கள் மேல் விழாது. தண்டவாளத்தில் ஓடுவதுபோல நேர்கோட்டில் மட்டும் சறுக்குகிற ஸ்மித் மெஷினைக் காட்டி "இதுவும் அதேதான் ப்ரோ" என்பார்கள். அதே இல்லை. அதில் பாரைச் சமநிலையில் வைத்திருக்கிற வேலையை மெஷின் செய்துவிடுகிறது, அந்த வேலையை உங்கள் உடம்பு கற்றுக்கொள்வதே இல்லை. பளபளப்பான பெரிய ஜிம்மில் முப்பது மெஷினும் ஒரே ஒரு ரேக்கும் இருக்கும். அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் மாதிரி நம்ம ஆட்கள் தலைமுறையாக இருக்கிற ஏரியாவில் ஏசி இல்லாத சின்ன ஜிம்மில் இரண்டு ரேக் இருந்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள், நீங்கள் தினமும் போகப்போகிற அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்குக் காலியாகக் கிடக்கிற ஜிம் இரவு எட்டு மணிக்கு வேறு ஜிம். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்று வாசலிலேயே பேசுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்கள். இங்கே பிஜி மாறுவதும் வேலை மாறுவதும் சட்டென்று நடக்கும், ஜிம் கூடவே வராது. பர்சனல் டிரெய்னிங் எடுக்கத்தான் வேண்டுமா என்றால், ஸ்குவாட்டையும், தரையில் கிடக்கிற பாரை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்குகிற டெட்லிஃப்டையும் பொறுமையாகச் சொல்லித்தருகிற ஆளாக இருந்தால் முதல் மாசம் எடுக்கலாம். முதல் நாளே ஐந்து மெஷினைச் சுற்றவைத்து, வியர்வையில் நனையவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் வேண்டாம்.

ரேக்கில் வேறு யாராவது இருந்தால் "அண்ணா, இன்னும் எத்தனை செட்?" என்று கேட்டுவிட்டு, நடுநடுவே நீங்களும் செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். நிற்காமல் தொடர்ந்து தூக்குகிற ஒரு சுற்றுதான் ஒரு செட். கூச்சப்படவே வேண்டாம். கனமாகத் தூக்குகிறவர்கள்தான் பெரும்பாலும் புதுசாக வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுகிறவர்கள்.

பாரின் எடை

பிளேட்டை மட்டும் கூட்டி "நான் 20 கிலோ அடிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள், பாருக்கும் எடை உண்டு. தரமான ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ. பெண்களுக்கான பார் 15 கிலோ, பிடியும் கொஞ்சம் மெலிது. சின்ன ஜிம்களில் இவை இல்லாமல் முழு நீளமும் ஒரே தடிமனில் இருக்கிற லேசான கம்பி இருக்கலாம், அதன் எடை கம்பிக்குக் கம்பி மாறும். எடை பார்க்கிற மெஷின் ஏறக்குறைய எல்லா ஜிம்மிலும் இருக்கும், பாரைப் பிடித்துக்கொண்டு ஏறி நில்லுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற எடை எல்லாம் 20 கிலோ பாரையும் சேர்த்த கணக்கு.

ஷூ விஷயம் சின்னது, ஆனால் பலன் பெரியது. ஓடுவதற்கான ஷூவின் அடிப்பாகம் மெத்தை மாதிரி அமுங்கும், எடையோடு நிற்கும்போது கால் ஆடும். தட்டையான கேன்வாஸ் ஷூ போதும், ஜிம்மில் விட்டால் சாக்ஸோடு நின்றாலும் சரி. கிளவுஸ், இடுப்பு பெல்ட், முழங்கால் பட்டை எதுவும் முதல் சில மாசத்துக்கு வாங்கவேண்டாம். உள்ளங்கையில் காய்ப்பு வரும், வரட்டும்.

ஐந்தே பயிற்சி

ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ஓவர்ஹெட் பிரஸ், ரோ, டெட்லிஃப்ட். ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை, ஒரு நாள் தோள் என்று பிரித்து வாரத்துக்கு ஆறு நாள் போவது பல வருஷம் தூக்கினவர்களுக்குச் சரியாக வரலாம், புதுசாக வருகிறவர்களுக்கு அது வீண். ஒரு தசையை வாரத்துக்கு ஒரே ஒரு முறை தொட்டால் பழகவே நாளாகும். முதல் சில வாரத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதில்லை, இருக்கிற தசையை ஒழுங்காக இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிறது. கற்றுக்கொள்ள அடிக்கடி செய்யவேண்டும். அதனால் வாரத்துக்கு மூன்று நாள், மூன்று நாளும் முழு உடம்பு.

ஸ்குவாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ரேக்கின் கொக்கியை உங்கள் நெஞ்சின் நடு உயரத்தில் வையுங்கள், உயரமாக வைத்தால் குதிகாலைத் தூக்கிப் பாரை எடுக்கவேண்டி வரும், அது ஆபத்து. பாதுகாப்புக் கம்பியை நீங்கள் முழுதாக உட்கார்ந்தால் பார் வருகிற உயரத்துக்கு ஒரு விரற்கடை கீழே வையுங்கள். பார் கழுத்து எலும்பில் உட்காரக் கூடாது, அதற்குக் கீழே தோள்பட்டைகளைச் சேர்த்து இழுத்தால் திரண்டு வருகிற சதை மேட்டில் உட்காரவேண்டும். நிமிர்ந்து பாரை எடுத்து இரண்டு மூன்று எட்டு பின்னால் வாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கால்கள் தோள் அகலம், பாதத்தின் முன்பக்கம் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்று நினைத்து இறுக்குங்கள். இப்போது இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் மடிய, கீழே உட்காருங்கள்.

எவ்வளவு கீழே? தொடையும் இடுப்பும் சேர்கிற மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே போகும் வரை. குந்தி உட்கார்ந்தே வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வரும். வருஷக்கணக்கில் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குக் குதிகால் தூக்கிக்கொள்ளும், அவர்கள் தினமும் வீட்டில் ஏதாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் குந்தி உட்கார்ந்து பழகுங்கள். முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று ஜிம்மில் சொல்வார்கள். நீளமான தொடை உள்ளவர்களுக்குத் தாண்டத்தான் செய்யும், அதில் தப்பில்லை. பார்க்கவேண்டியது வேறு: முழங்கால் உள்பக்கமாகச் சரியக் கூடாது, பாதம் பார்க்கிற திசையிலேயே அதுவும் போகவேண்டும், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. அப்புறம் தரையை அழுத்தித் தள்ளி எழுந்திருங்கள், மேலே வந்த பிறகு மூச்சை விடுங்கள். பக்கவாட்டில் இருந்து போனில் ஒரு செட் வீடியோ எடுத்துப் பாருங்கள். நேர் எதிரே இருக்கிற கண்ணாடியில் ஆழம் தெரியாது.

டெட்லிஃப்டில் பலருக்கும் நடக்கிற தப்பு, பாரைத் தள்ளி வைத்துக்கொண்டு குனிந்து தூக்குவது. பார் உங்கள் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கவேண்டும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கக் கால் எலும்பில் இருந்து இரண்டு விரல் தள்ளி. குனிந்து, காலுக்கு வெளியே இரண்டு கையாலும் பாரைப் பிடியுங்கள், பாரை நகர்த்தாமல் முழங்காலை மட்டும் மடக்கி, கால் எலும்பு பாரைத் தொடும் வரை வாருங்கள், நெஞ்சை நிமிர்த்துங்கள், முதுகு தட்டையாகும். மூச்சை இழுத்து, பாரைப் பிடுங்காமல், தரையைக் காலால் தள்ளுங்கள். பார் காலை உரசிக்கொண்டே மேலே வரும், உரசத்தான் வேண்டும், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அது மாட்டியிருந்தால் பார் தரையில் இருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சின்ன பிளேட் மாட்டினால் பார் தாழ்ந்துபோய் முதுகு வளைந்துவிடும். அப்போது இரண்டு பக்கமும் பிளேட்களைப் படுக்கவைத்து அடுக்கி, அதன் மேல் பாரை வைத்து, அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பெஞ்ச் பிரஸ் என்பது பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை நெஞ்சில் இருந்து மேலே தள்ளுவது. இதில் கட்டைவிரல் பாரைச் சுற்றியிருக்கவேண்டும். சுற்றாமல் பிடித்தால் பார் உருண்டு நெஞ்சிலோ கழுத்திலோ விழும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தோள்பட்டையைப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்தி, பாரை நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, தொட்டு, ஏற்றுங்கள். தனியாகச் செய்வதாக இருந்தால் பெஞ்சை ரேக்குக்குள் இழுத்துப் பாதுகாப்புக் கம்பியை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். ரேக் கிடைக்காவிட்டால் பிளேட்டுக்கு கிளிப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைக் கழட்டிவிட்டு வெளியே வரலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் "அண்ணா, ஒரு செட் பார்த்துக்கிறீங்களா?" என்று கேளுங்கள், மாட்டேன் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஓவர்ஹெட் பிரஸ் நின்றுகொண்டே பாரைத் தோளில் இருந்து தலைக்கு மேலே தள்ளுவது. புட்டத்தை இறுக்கிக்கொண்டால் இடுப்பு பின்னால் வளையாது. ரோ என்பது இடுப்பில் மடிந்து முதுகைத் தட்டையாக வைத்துப் பாரை வயிற்றுக்கு இழுப்பது, உடம்பை ஆட்டி இழுக்கத் தோன்றினால் எடை அதிகம் என்று அர்த்தம்.

நோட்டில் என்ன எழுதுவது

இரண்டு வகை நாள். முதல் வகையில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. இரண்டாவது வகையில் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ், டெட்லிஃப்ட். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எல்லாம் ஐந்து ஐந்தாக மூன்று செட், டெட்லிஃப்ட் மட்டும் ஐந்து தடவை ஒரே செட், அது உடம்பை ரொம்பச் சோர்வடையவைக்கும். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் உட்காருங்கள், மூச்சு வாங்க வாங்க அடுத்த செட்டுக்குப் போனால் இருதயத்துக்கு வேலை கொடுக்கிறீர்கள், பலத்துக்கு இல்லை.

முதல் நாள் ஸ்குவாட்டும் பிரஸ்களும் வெறும் பாரில், 20 கிலோவில். லேசாக இருக்கும். லேசாக இருக்கவேண்டும். அடுத்த தடவை 22.5. அதற்கு அடுத்தது 25. இப்படி வாரத்துக்கு மூன்று நாள் என்று நான்கு வாரம் போனால் 12-வது நாள் ஸ்குவாட் 47.5 கிலோவில் நிற்கும், ஒரு நாள்கூட உடம்பு திணறியிருக்காது. டெட்லிஃப்டை 40-இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றலாம். முதல் நாளே 50 கிலோ போட்டு முட்டி மோதினால் தூக்க முடியும்தான், ஆனால் தப்பான முறையில் தூக்கிப் பழகிவிடுவீர்கள், அப்புறம் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

வார்ம்-அப்புக்கு ட்ரெட்மில்லில் ஐந்து நிமிஷம், டிசம்பர் ஜனவரி காலைக் குளிரில் பத்து நிமிஷம். அப்புறம் அந்தப் பயிற்சியையே லேசான எடையில் செய்து ஏறுங்கள். இன்றைய எடை 50 என்றால் வெறும் பாரில் இரண்டு செட், 30-இல் ஐந்து தடவை, 40-இல் மூன்று தடவை, அப்புறம் 50. இந்த மாதிரி ஒரு வரி எழுதினால் போதும்: "ஸ்குவாட் 50: 5, 5, 5. கடைசி செட்டில் குதிகால் எழுந்தது." அந்தக் கடைசிக் குறிப்புதான் அடுத்த நாள் உதவும்.

ஒரு நாள் ஐந்து முடியாமல் நான்கில் நிற்பீர்கள். அடுத்த தடவையும் அதே எடை. மூன்று தடவை அப்படியே நின்றால் பத்து சதவீதம் குறைத்துவிட்டு மறுபடி ஏறி வாருங்கள், பெரும்பாலும் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஓவர்ஹெட் பிரஸ்தான் முதலில் நிற்கும், அதற்கு 2.5 கிலோவே பெரிய தாவல். அங்கே எடையை ஏற்றாமல் ஐந்தை ஆறாக்கி, ஏழாக்கி, எட்டு எட்டாக மூன்று செட் வந்த பிறகு எடையை ஏற்றி மறுபடி ஐந்துக்கு வாருங்கள்.

நாட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்மில் பாதிப்பேர் வெள்ளி ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போய் திங்கள் விடியற்காலை வந்து இறங்குகிறவர்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடங்கிக் கிடந்த இடுப்போடு, தூக்கமும் இல்லாமல், நேராக டெட்லிஃப்டுக்குப் போகாதீர்கள். திங்கள் மாலை, புதன், வெள்ளி காலை என்று வைத்துக்கொண்டால் ஊருக்குப் போகிற வாரமும் தப்பாது. ஊரில் இருக்கிற இரண்டு நாளும் ஓய்வு, வீட்டுச் சாப்பாடு, தூக்கம், எல்லாமே பயிற்சியின் பகுதிதான். ஒரு வாரம் தவறிவிட்டால் விட்ட எடையில் இருந்தே தொடரலாம், மூன்று வாரம் தவறினால் கால்வாசி குறைத்துத் தொடங்குங்கள்.

பிஜி சாப்பாட்டில் எப்படி

காலையில் சித்ரான்னம், ராத்திரி சோறும் தண்ணியான சாம்பாரும். வயிறு நிறையும், புரோட்டீன் இருக்காது. எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரோட்டீன் நல்ல இலக்கு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். இது பயமுறுத்துகிற எண் இல்லை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம், நான்கு முட்டையில் 24. நந்தினி பால் அரை லிட்டர் பாக்கெட்டில் 15 கிராமுக்குக் குறையாது. காய்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25, பொட்டுக்கடலை ஒரு பெரிய கைப்பிடி, 50 கிராம், 10. மீதியைப் பருப்பும் தயிரும் சப்பாத்தியும் சோறும் சேர்ந்து கொடுத்துவிடும். சிக்கன் சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பில்லாத பச்சைக் கறி 100 கிராமில் 22 கிராம், சைவக்காரர்களுக்கு பன்னீர் 100 கிராமில் 18. பிஜியில் அடுப்பு கிடையாது என்றால் சின்ன மின்சார முட்டை பாயிலர் ஒன்று போதும், ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வே புரோட்டீன் பவுடர் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, பாலில் இருந்து எடுத்த புரோட்டீன். சாப்பாட்டில் இலக்கு வந்துவிட்டால் தேவையில்லை, வரவில்லை என்றால் ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் கிடைக்கும். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், சீல் இல்லாமல் ஜிம்மில் பிரித்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பலம் கூட எடுத்துக்கொள்கிற கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடர் தினம் 3 முதல் 5 கிராம், நன்றாக ஆராயப்பட்ட பொருள், ஆனால் முதல் மூன்று மாசத்துக்கு அது இல்லாமலே ஏற்றம் வரும். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இது எல்லாவற்றுக்கும் டாக்டரைக் கேளுங்கள். "ஒரு கோர்ஸ் போட்டால் மூணு மாசத்தில் உடம்பு வந்துடும்" என்று ஊசியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அது ஸ்டீராய்டு, அந்த ஆளிடம் பயிற்சிக்கும் போகவேண்டாம்.

எந்த வலி சரி, எந்த வலி தப்பு

முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிக்கும். தூக்கின மறுநாளோ அதற்கு மறுநாளோ உச்சத்துக்குப் போய் தானாகக் குறையும், அதற்காக நாளைத் தள்ளிப்போடவேண்டாம், அடுத்த பயிற்சியின் வார்ம்-அப்பிலேயே பாதி போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி, முதுகில் இருந்து காலுக்கு மின்சாரம் மாதிரி ஓடுகிற வலி, மரத்துப்போவது, இவை வேறு. உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: புது ஆளை முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தசை அளவுக்கு மீறி உடைந்தால் தாங்க முடியாத வீக்கமும் வலியும் வந்து சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும். சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய நிலை அது, வீட்டில் படுத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பெண்களிடம் இருந்து வருகிற முதல் கேள்வி, உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடுமா என்பது. ஆகாது. பெரிய தசைக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் பெண்கள் உடம்பில் மிகக் குறைவு. மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோவுக்கு வெள்ளி வாங்கினார், அவர் போட்டியிட்டது 49 கிலோ பிரிவில். எலும்பு உறுதிக்கும் இது நல்லது, மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வது நம்ம வீட்டு அம்மாக்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். பாரே கனமாக இருந்தால் வெட்கப்படவேண்டாம், ஓவர்ஹெட் பிரஸை இரண்டு 4 கிலோ டம்பெல்லில் தொடங்கி 15 கிலோ பாருக்கு வரலாம். ஜிம்மில் யாராவது முறைப்பதும் கேட்காமலே வந்து தொட்டுத் திருத்துவதும் நடந்தால் பொறுத்துப்போகவேண்டாம், ஓனரிடம் சொல்லுங்கள், அப்படியும் மாறாவிட்டால் ஜிம்மை மாற்றுங்கள். மாசச் சந்தாவாக இருந்தால் அதுவும் சுலபம்.

ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்து அப்பார்ட்மென்ட் ஜிம்மில் பார் இருக்காது, பத்து கிலோ வரை டம்பெல் மட்டும் இருக்கும் என்றால் அதிலேயே இரண்டு மாசம் ஓட்டலாம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட், தண்டால், பெஞ்சில் ஒரு கை ஊன்றி ரோ, நின்றபடி தலைக்கு மேலே பிரஸ். எடை நின்றுவிட்ட பிறகு தடவைகளை எட்டில் இருந்து பதினைந்துக்கு ஏற்றுங்கள், இறங்கும்போது மூன்று எண்ணி இறங்குங்கள். பதினைந்தும் சுலபமான அன்றைக்கு ரேக் உள்ள ஜிம்மைத் தேடுங்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினால் இந்தத் திட்டம் சில மாசம் ஓடும். குறைத்துவிட்டு ஏறி வந்தும் ஸ்குவாட் அதே எடையில் இரண்டாவது முறையாக நின்றுவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஏற்றுகிற காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்றம்: திங்களன்று நன்றாகக் கனமாக மூன்று செட், புதனன்று அந்த எடையின் 80 சதவீதத்தில் லேசாக, வெள்ளியன்று போன வெள்ளியைவிட 2.5 கிலோ கூட்டி ஐந்து தடவைக்கு ஒரே ஒரு செட். நோட்டில் வெள்ளிக்கிழமை எண்ணை மட்டும் வட்டம் போட்டு வையுங்கள், இனிமேல் பார்த்து ஏற்றவேண்டியது அந்த எண்ணைத்தான்.